சிகேஎடிட்டர் 5 ரிவ்யூ: வேர்டுல இருந்து தமிழ் கட்டுரை பேஸ்ட் பண்றவங்களுக்காக

முதல்லயே தீர்ப்பை சொல்லிடறேன், மீதியை நேரம் இருக்கறவங்க படிங்க. உங்க சைட்டுக்கு எழுதறவங்க வேர்டு ஃபைல்லயோ கூகுள் டாக்ஸ்லயோ எழுதி அனுப்பறாங்க, அதை ஆபீஸ்ல ஒருத்தர் காப்பி பண்ணி அட்மின் பேஜ்ல பேஸ்ட் பண்றாருன்னா, காசு குடுக்காம கிடைக்கிற வெப் எடிட்டர்கள்ல (அதாவது அட்மின் பேஜ்ல கட்டுரையை எழுத, திருத்த வர்ற பாக்ஸ்) இப்போதைக்கு சிகேஎடிட்டர் 5 தான் உருப்படி. அப்படி இல்லாம எழுதறவரே நேரா பாக்ஸ்ல உக்காந்து டைப் பண்றாரு, டேபிள் நிறைய போடுவாரு, எச்டிஎம்எல்லை (பேஜுக்கு பின்னாடி இருக்கற டேக் கோடு) திறந்து கை வைக்கவும் தெரியும்னா டைனிஎம்சிஇங்கற எடிட்டர். வெறும் கமெண்ட் பாக்ஸ், குறிப்பு எழுதற பாக்ஸ் மாதிரி சின்ன சமாச்சாரத்துக்கு க்வில் போதும்.

நான் பாத்துக்கிற சைட் ஒரு சின்ன தமிழ் மாத இதழோடது. பைத்தான்ல சைட் கட்டற ஜாங்கோல எழுதின சொந்த சிஎம்எஸ் (கட்டுரைகளை ஏத்தி நிர்வாகம் பண்ற சாஃப்ட்வேர்), பல வருஷமா சிகேஎடிட்டர் 4-ல ஓடிட்டிருந்தது. அந்த 4 நல்ல எடிட்டர்தான், யாருக்கும் அது மேல கோபம் இல்ல, ஆனா 2023 ஜூனோட அதுக்கு இலவச சப்போர்ட் முடிஞ்சு போச்சு, ஓப்பன் சோர்ஸா வந்த கடைசி வெர்ஷன் 4.22.1, அதுக்கப்புறம் வர்ற செக்யூரிட்டி ஃபிக்ஸ் எல்லாம் காசு குடுத்து நீட்டிப்பு வாங்கினவங்களுக்கு மட்டும்தான். ஜாங்கோவுக்கான பழைய சிகேஎடிட்டர் பேக்கேஜ் வச்சிருந்தா சர்வர் ஸ்டார்ட் பண்ணும்போதே இதுல சரிசெய்யாத ஓட்டை இருக்கு, மாத்திக்கோன்னு எச்சரிக்கை காட்டும். எவ்ளோ நாள் அதை பாக்காத மாதிரியே இருக்கறது, சரி மாத்திடலாம்னு இறங்கினேன்.

எடிட்டர் ரிவ்யூன்னாலே எல்லாரும் டூல்பாரை எண்ணுவாங்க. எத்தனை பட்டன், எமோஜி இருக்கா, கலர் பிக்கர் அழகா இருக்கா, டார்க் மோட் வருதான்னு. நான் பாக்கறது ரெண்டே விஷயம். வெளியில இருந்து குப்பையா ஒண்ண பேஸ்ட் பண்ணா உள்ள என்ன வருது, சேவ் அமுக்கினதுக்கப்புறம் டேட்டாபேஸ்ல என்ன போய் உக்காருது. மத்ததெல்லாம் முதல் வாரத்தோட மறந்து போயிரும், டேட்டாபேஸ்ல போன குப்பை மட்டும் பத்து வருஷம் இருக்கும், நாளைக்கு நீங்க டிசைன் மாத்தும்போது, ஆப் போடும்போது, ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வந்து கடிக்கும்.

வேர்டுல இருந்து காப்பி பண்ணா கிளிப்போர்டுல வர்றது என்னன்னு ஒரு தடவையாவது எல்லாரும் பாக்கணும். நாலு வரி கட்டுரைக்கு நாப்பது வரி ஸ்டைல், எம்எஸ்ஓன்னு ஆரம்பிக்கிற மைக்ரோசாஃப்ட்டுக்கு மட்டும் புரியற சமாச்சாரம், கண்டிஷனல் கமெண்ட், காலி டேக். இதைவிட மோசம் லிஸ்ட். வேர்டுல நீங்க பார்க்கிற புள்ளி வச்ச லிஸ்ட் வெப்புக்கு வரும்போது லிஸ்டாவே வராது, சாதா பாராவா வரும், புள்ளியை சிம்பல் ஃபாண்ட்ல ஒரு எழுத்தா போட்டு அதுக்கு பக்கத்துல உடையாத ஸ்பேஸ் நாலஞ்சு வச்சு இடம் விட்டிருக்கும். கூகுள் டாக்ஸ் வேற ரகம், மொத்த கட்டுரையையும் ஒரே ஒரு போல்டு டேக்குக்குள்ள போட்டு அந்த டேக்குக்கே போல்டு வேண்டாம்னு ஸ்டைல் குடுத்து அனுப்பும், ஸ்டைலை மட்டும் உதறிட்டு டேக்கை வச்சுக்கிற எடிட்டர்ல பேஸ்ட் பண்ணா கட்டுரை முழுக்க தடி எழுத்தா வந்து நிக்கும்.

சிகேஎடிட்டர் 5-ல இதுக்குன்னே ஆபீஸ் பேஸ்ட் பிளக்இன் (எடிட்டரோட சேர்த்துக்கிற துணைப் பகுதி) இருக்கு, இலவச வெர்ஷன்லயே வருது, கூகுள் டாக்ஸுக்கும் அதுவேதான். பொய் லிஸ்டை உண்மையான லிஸ்டா மாத்திக் குடுக்கும், தலைப்பு தலைப்பாவே வரும், டேபிளும் வரும், எம்எஸ்ஓ குப்பை வாசல்லயே செருப்பு மாதிரி கழட்டி விடப்படும். இன்னும் சுத்தமா வேணும்னா காசு குடுக்கற பதிப்பு ஒண்ணு தனியா இருக்கு, எங்களுக்கு அது தேவைப்படல.

டைனிஎம்சிஇ-ல நிலைமை வேற. 5-ஆவது வெர்ஷன் வரைக்கும் அதுலயும் வேர்டுக்கான வடிகட்டி இலவசமா இருந்தது. 2022-ல 6 வந்தப்ப அதை ஓப்பன் சோர்ஸ்ல இருந்து எடுத்துட்டாங்க, இப்ப வேணும்னா பவர்பேஸ்ட்னு காசு பிளக்இன். இலவச டைனில சாதா பேஸ்ட் ஓகே, குரோம்ல இன்லைன் ஸ்டைலை தானாவே உதறும், ஆனா வேர்டு லிஸ்டை புரிஞ்சு மாத்தித் தராது. நிறைய பேர் 5-ல இருந்த நினைப்புல 7-ஐ போட்டுட்டு ஏன் புள்ளி எல்லாம் கட்டம் கட்டமா வருதுன்னு கேக்கறது இதனாலதான். உடையாத ஸ்பேஸ் விஷயத்தை சின்னதா நினைக்காதீங்க, தமிழ் வார்த்தையே நீளம், அதுல ரெண்டு மூணு வார்த்தையை உடைய விடாம கட்டிப்போட்டா மொபைல் ஸ்கிரீன்ல வரி மடங்காம வெளியில ஓடும்.

இப்ப தமிழுக்கே உரிய ஒரு தலைவலி. நம்ம எழுத்தாளர்கள்ல இன்னும் நிறைய பேர் பாமினிலயும் வானவில்லயும் டைப் பண்றவங்க, வயசானவங்க மட்டும் இல்ல, டிடிபி சென்டர்ல குடுத்து அடிச்சு வாங்கறவங்களும்தான். யூனிகோடு இல்லாத ஃபாண்ட்னா கம்ப்யூட்டருக்கு அது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபாண்ட் இருக்கிற மெஷின்ல மட்டும் தமிழா தெரியும். எடிட்டர் அந்த ஃபாண்ட் பேரையும் சேர்த்து வச்சுக்கிச்சுன்னா என்ன ஆகும், பேஸ்ட் பண்றவர் கம்ப்யூட்டர்ல பாமினி இருக்கறதால அவருக்கு அழகா தமிழ் தெரியும், பப்ளிஷ் பண்ணிடுவாரு, வாசகர் ஃபோன்ல "தமிழ்"ங்கற வார்த்தை ஜே கே பி ஓ செமிகோலன்னு வந்து நிக்கும். எடிட்டர் ஃபாண்ட்டை உதறிடுச்சுன்னா பேஸ்ட் பண்ணின அந்த நொடியே குப்பை எழுத்தா தெரியும், அவரே ஐயோன்னு போய் என்எச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திட்டு வருவாரு. தப்பு நம்ம டேபிள்லயே தெரியணும், வாசகர் கைக்கு போய் தெரியக்கூடாது. அதனால எந்த எடிட்டர் போட்டாலும் ஃபாண்ட் தேர்ந்தெடுக்கிற பட்டனை டூல்பார்ல வைக்காதீங்க. சிகேஎடிட்டர் 5-ல அந்த ஃபாண்ட் பிளக்இன்னை ஏத்தாம விட்டாலே போதும், ஃபாண்ட் பேர் உள்ளயே வராது.

இது ஏன் அவ்ளோ கறாரா இருக்குன்னா அதோட அமைப்பு அப்படி. பழைய எடிட்டர்கள் எல்லாம் பிரவுசர் குடுக்கிற வசதி மேலேயே சவாரி பண்ணினது. 2000-ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5-ல வந்த சமாச்சாரம், பேஜ்ல ஒரு பகுதியை நேரா எடிட் பண்ண விடறது, போல்டு பண்ணுன்னு பிரவுசர்கிட்ட சொன்னா அது தன் இஷ்டத்துக்கு ஒரு டேக் போடும், என்டர் தட்டினா ஒரு பிரவுசர் பாரா டேக் போடும், இன்னொண்ணு டிவ் போடும். இந்த கூத்துல இருந்து தப்பிக்க சிகேஎடிட்டர் 5 ஆளுங்க 4-ஐ தூக்கி வச்சுட்டு எல்லாத்தையும் புதுசா எழுதினாங்க, 2018-ல முதல் ஸ்டேபிள் வெர்ஷன் வந்தது. உள்ள தனக்குன்னு ஒரு டேட்டா மாடல் வச்சுக்கும், அந்த மாடலுக்கு தெரிஞ்சது மட்டும்தான் உள்ள இருக்க முடியும், எந்த பிளக்இன்னும் பொறுப்பெடுத்துக்காத டேக்கு, கிளாஸ், ஸ்டைல் எல்லாம் சத்தமில்லாம காணாம போயிடும். புரோஸ்மிரர்ங்கற எடிட்டர் கருவி, அது மேல கட்டின டிப்டாப் எல்லாமும் இதே கட்சிதான். டைனி இன்னும் நேரா டிஓஎம் (பிரவுசர் வச்சிருக்கிற பேஜ் அமைப்பு) மேலயே வேலை செய்யுது, அதனால தாராளம், அதனாலயே கொஞ்சம் அழுக்கும் சேரும்.

இந்த கறார்தான் இதோட பலம், பழைய சைட்டுக்கு இதுவேதான் ஆபத்து. பழைய கட்டுரைல யாரோ கையால போட்ட யூடியூப் ஐஃப்ரேம் (பேஜுக்குள்ள இன்னொரு பேஜை காட்டற டேக்), பெட்டிச் செய்திக்கு போட்ட டிவ், கிளாஸ் வச்ச ஸ்பான் எல்லாம் இருக்கும். அதை சிகேஎடிட்டர் 5-ல திறந்து ஒரே ஒரு கமா மாத்தி சேவ் பண்ணாலும் அதெல்லாம் போயிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ட்ரூபல்ங்கற சிஎம்எஸ் 10-ஆவது வெர்ஷன்ல 2022 கடைசில சிகேஎடிட்டர் 5-க்கு மாறினப்ப அவங்க அட்மின்லயே எந்தெந்த டேக்கை விடணும்னு லிஸ்ட் குடுக்கிற இடம் வச்சது இதுக்குத்தான். நம்ம சொந்த சிஎம்எஸ்னா ஜெனரல் எச்டிஎம்எல் சப்போர்ட்னு ஒரு பிளக்இன் இருக்கு, அதுல எதெது வேணும்னு குறிப்பிட்டு சொல்லலாம். சில பேர் தொல்லை வேண்டாம்னு எல்லாத்தையும் விடுன்னு போட்டுடறாங்க, அப்படி போட்டா வேர்டு குப்பைக்கும் கதவை திறந்து விட்டாச்சு, இவ்ளோ கஷ்டப்பட்டு 5 போட்டதுக்கு அர்த்தமே இல்ல.

அடுத்து வீடியோ. மீடியா எம்பெட் பட்டன்ல யூடியூப் லிங்க்கை போட்டா எடிட்டருக்குள்ள வீடியோ அழகா தெரியும், சேவ் பண்ணி சைட்ல பாத்தா ஒண்ணுமே இருக்காது. ஏன்னா டீஃபால்ட்டா அது டேட்டால ஓஎம்பெட்னு ஒரு டேக்கும் லிங்க்கும் மட்டும்தான் எழுதும், அதை பிரவுசருக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. பிரிவியூவையும் டேட்டால எழுதுன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணா ஐஃப்ரேமாவே வரும். இல்லன்னா சர்வர் பக்கம் நீங்க மாத்திக்கணும். டாக்குமென்ட்ல சொல்லியிருக்காங்கதான், ஆனா டாக்குமென்ட் படிச்சுட்டா யாரு இன்ஸ்டால் பண்றா.

படம். இதுல முக்கியமா ஒண்ணு, பேஸ்64 அப்லோடு அடாப்டரை தொடவே தொடாதீங்க. செட்டப் எதுவும் வேண்டாம், உடனே வேலை செய்யும், அதனாலயே எல்லாரும் போட்டுடறாங்க. படத்தை எழுத்தா மாத்தி கட்டுரைக்குள்ளயே திணிக்கும், சைஸ் மூணுல ஒரு பங்கு கூடும், 3 எம்பி ஃபோன் ஃபோட்டோ 4 எம்பி எழுத்தா டேட்டாபேஸ்ல போய் உக்காரும். மைஎஸ்க்யூஎல்ல டெக்ஸ்ட் காலம் வச்சிருக்கீங்கன்னா அதோட மொத்த கொள்ளளவே 65,535 பைட்தான். படத்தை விடுங்க, தமிழ் எழுத்துக்குறி ஒண்ணுக்கு யூடிஎஃப்-8ல 3 பைட், ஆக 21,845 குறி, அதுவும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா கணக்குல வரும், எச்டிஎம்எல் டேக் வேற. ஒரு நீளமான நேர்காணல் அதுல அடங்காது, ஸ்ட்ரிக்ட் மோட் ஆஃப்ல இருந்தா வாயை திறக்காம பாதில வெட்டி சேவ் பண்ணும். மீடியம்டெக்ஸ்ட் போட்டுக்கோங்க. படத்துக்கு சிம்பிள் அப்லோடு அடாப்டர் போதும், சர்வர்ல ஒரு சின்ன வியூ எழுதி ஃபைலை வாங்கி வச்சுட்டு யூஆர்எல்லை ஜேசன்ல திருப்பி அனுப்பணும், ஜாங்கோன்னா சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (ரிக்வெஸ்ட் நம்ம பேஜ்ல இருந்துதான் வருதுன்னு காட்டற சாவி) ஹெட்டர்ல சேர்க்கணும், அவ்ளோதான். அப்லோடு வியூவை லாகின் இல்லாம திறந்து விட்டுடாதீங்க, ஃபைல் உண்மையிலேயே படம்தானான்னு பாருங்க. 2009-ல கோல்டுஃப்யூஷன்ங்கற சர்வர்ல ஓடின சைட்டுங்கள்ல ஹேக்கருங்க புகுந்து விளையாடினது இந்த சிகேஎடிட்டரோட தாத்தா எஃப்சிகேஎடிட்டர்ல இருந்த ஃபைல் அப்லோடு வழியாத்தான்.

டைனில படம் போட்டவங்க இன்னொரு சிக்கலை பாத்திருப்பீங்க, டீஃபால்ட்டா அது யூஆர்எல்லை ரிலேட்டிவ்வா மாத்தும். அட்மின் பேஜ் மூணு ஃபோல்டர் ஆழத்துல இருந்தா படத்தோட அட்ரஸ்ல புள்ளி புள்ளி சாய்கோடு மூணு தடவை வரும், எடிட்டர்ல படம் தெரியும், சைட்ல உடைஞ்ச படம் ஐகான். அந்த ஒரு செட்டிங்கை ஆஃப் பண்ணா போச்சு. அதே மாதிரி என்டிட்டி என்கோடிங்கை (எழுத்தை கோடா மாத்தி எழுதற செட்டிங்) ரான்னு வைங்க, நியூமரிக்னு யாராவது வச்சிருந்தா தமிழ் எழுத்தெல்லாம் நம்பரா மாறி சேவ் ஆகும், "த" ஒரு எழுத்து ஆம்பர்சாண்ட் ஹேஷ் 2980ன்னு. பிரவுசர்ல சரியாத்தான் தெரியும், டேட்டாபேஸ்ல தேடினா ஒண்ணும் கிடைக்காது.

தேடல்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். "கொ"ங்கற எழுத்துல வர்ற ஒகரக் குறியை யூனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம், ஒத்தைக் குறியாவும் போடலாம், ஒத்தைக் கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டா பிரிச்சும் போடலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேற வேற. சில பழைய கன்வெர்ட்டர்ல இருந்து வர்ற டெக்ஸ்ட்ல பிரிச்ச வகை வரும், அப்ப வாசகர் "கொங்கு"ன்னு தேடினா அந்த கட்டுரை வராது. இதை எடிட்டர் பாத்துக்கும்னு நம்பாதீங்க, சேவ் பண்ணும்போது சர்வர்ல என்எஃப்சி நார்மலைஸ் பண்ணி எல்லாத்தையும் ஒத்தைக் குறியா ஆக்கிடுங்க, பைத்தான்ல ஒரே வரி. எழுத்து எண்ணிக்கை காட்டற பிளக்இன்னையும் நம்பி சுருக்கத்துக்கு லிமிட் வைக்காதீங்க, "வணக்கம்" நமக்கு அஞ்சு எழுத்து, அதுக்கு ஏழு.

டூல்பாருக்கு வர்றேன். எங்க ஆபீஸ்ல பிழை திருத்தற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, முதல் டெமோ காட்டினப்பவே, "தம்பி, இந்த சாய்ஞ்ச எழுத்து பட்டனை எடுத்துடுங்க, இருந்தா அமுக்குவாங்க"ன்னாங்க. நூத்துக்கு நூறு உண்மை. தமிழ் ஃபாண்ட் பெரும்பாலானதுல நிஜ இட்டாலிக் கிடையாது, பிரவுசரே எழுத்தை சாய்ச்சு விடும், பாக்க சகிக்காது. அடிக்கோடும் அப்படித்தான், உகர ஊகாரக் குறிகள் கீழ இறங்கற இடத்துல கோடு போய் வெட்டும், "ரு" எது "ரூ" எதுன்னு கண்ணை சுருக்கி பாக்கணும். ரெண்டு பக்கமும் சமமா இழுக்கற ஜஸ்டிஃபை பட்டன், மொபைல்ல வரிக்கு மூணு வார்த்தை வர்ற மொழில அதை போட்டா நடுவுல ஆறு ஓடும். ஹெச்1 பட்டனும் போச்சு, பக்கத் தலைப்பு ஏற்கனவே ஹெச்1 தானே. கடைசில மிஞ்சினது போல்டு, லிங்க், லிஸ்ட், மேற்கோள், படம், டேபிள், வீடியோ, அண்டு, ரீடு, ஸ்டைல் டிராப்டவுன். அந்த டிராப்டவுன்ல வர்ற பேரை எல்லாம் நாமளே வைக்கலாங்கறது எனக்கு ரொம்ப பிடிச்சது, "உள்தலைப்பு", "கேள்வி", "பதில்", "கவிதை"ன்னு தமிழ்லயே வச்சாச்சு, யாருக்கும் டிரெயினிங் குடுக்க வேண்டியதில்ல.

கவிதைங்கறது தனிக் கதை. எடிட்டர்ல என்டர் தட்டினா புது பாரா, ஷிஃப்ட் என்டர் தட்டினாத்தான் அடுத்த வரி. இதை கவிஞர்களுக்கு சொல்லிப் புரிய வைக்கிற வேலைக்கு நான் வரல. ஒவ்வொரு வரிக்கும் என்டர்தான் தட்டுவாங்க, ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ஒரு பாரா இடைவெளி விழுந்து பன்னெண்டு வரி கவிதை ரெண்டு ஸ்கிரீனுக்கு நீளும். அதனால மொத்தத்தையும் செலக்ட் பண்ணி "கவிதை" ஸ்டைலை அமுக்கினா பாராவுக்கு ஒரு கிளாஸ் ஏறும், சிஎஸ்எஸ்ல (பேஜோட தோற்றத்தை சொல்ற கோடு) அந்த கிளாஸுக்கு இடைவெளி பூஜ்யம், பத்தி பிரியற இடத்துக்கு காலி வரி. இந்த ஸ்டைல் பிளக்இன் வேலை செய்ய ஜெனரல் எச்டிஎம்எல் சப்போர்ட்டும் கூட இருக்கணும், தனியா போட்டா டிராப்டவுன் வராது.

எடிட்டருக்குள்ள தமிழ் பாக்க நல்லா இருக்கணும்னா ஃபாண்ட்டும் வரி உயரமும் நீங்கதான் குடுக்கணும். நோட்டோ சான்ஸ் தமிழோ முக்தா மலரோ எதுவோ ஒண்ணு, வரி உயரம் 1.7 பக்கம் வைங்க, டீஃபால்ட்ல விட்டா மேல் வரில கீழ இறங்கற குறியும் அடுத்த வரில மேல ஏறற குறியும் ஒண்ணோட ஒண்ணு முட்டும். சிகேஎடிட்டர் 5 ஐஃப்ரேம் இல்லாம பேஜோட பேஜா உக்காரும், அதனால அட்மின் தீமோட சிஎஸ்எஸ் உள்ள கசியும், ஜாங்கோ அட்மின்ல லிஸ்ட்டோட புள்ளி, மார்ஜின் எல்லாம் கொஞ்சம் படுத்தும். டைனி ஐஃப்ரேமுக்குள்ள இருக்கறதால இந்த தொல்லை கிடையாது, பதிலுக்கு உங்க ஃபாண்ட் உள்ள போகாது, தனியா ஸ்டைல்ஷீட் குடுக்கணும்.

இன்ஸ்டால் பத்தி. முன்னாடி சிகேஎடிட்டர் 5-ல ஒரு பிளக்இன் கூட சேர்க்கணும்னா வெப்பேக்ங்கற பில்டு கருவியை கட்டி அழணும், ரெடிமேட் பில்டு மேல பிளக்இன் சேர்த்தா டூப்ளிகேட் மாட்யூல்னு எரர் அடிச்சு நிக்கும். 2024-ல 42-ஆவது வெர்ஷன்ல எல்லாத்தையும் ஒரே பேக்கேஜ் ஆக்கிட்டாங்க, ஜிப் டவுன்லோடு பண்ணி ஸ்டாட்டிக் ஃபோல்டர்ல போட்டே ஓட்டலாம். பழைய டுடோரியல் பாத்து பயந்து ஓடினவங்க திரும்ப வந்து பாக்கலாம். இருந்தாலும் சுலபம்னா டைனிதான், ஒரு ஸ்கிரிப்ட், ஒரு இனிட், முடிஞ்சுது. ஆட்டோசேவ்லயும் டைனி முன்னாடி இருக்கு, இலவச பிளக்இன்லயே பிரவுசர் ஸ்டோரேஜ்ல டிராஃப்ட் வச்சுக்கும், கரண்ட் போய் வந்தா திரும்ப எடுக்கலாம். என்ன, டீஃபால்ட்டா 20 நிமிஷம் வரைக்கும்தான் வச்சிருக்கும், எங்க ஊர் கரண்ட்டுக்கு அதை கூட்டித்தான் வைக்கணும். சிகேஎடிட்டர் 5-ல ஆட்டோசேவ்னா எப்ப சேவ் பண்ணணும்னு கூப்பிடும், எங்க எப்படி சேவ் பண்றதுங்கறதை நீங்க எழுதணும்.

க்வில்லை ஏன் ஒதுக்கினேன்னும் சொல்லணும், நிறைய பேர் அதைத்தான் சிபாரிசு பண்றாங்க. கையடக்கமா அழகா இருக்கு, 2024-ல 2.0 வந்தது, உள்ள டெல்டான்னு ஜேசன் ஃபார்மேட் வச்சிருக்கு, புரோகிராமரா எனக்கு பிடிக்கும். ஆனா உள்ள இருக்கற எச்டிஎம்எல்லை அப்படியே எடுத்து சேவ் பண்ணா புள்ளி லிஸ்ட் கூட நம்பர் லிஸ்ட் டேக்கோடத்தான் வரும், புள்ளியா நம்பரான்னு ஒரு டேட்டா ஆட்ரிபியூட்ல எழுதி வச்சிருக்கும், அவங்க சிஎஸ்எஸ் இல்லாத பக்கத்துல புள்ளி எல்லாம் 1, 2, 3 ஆயிடும். சுத்தமா எடுக்க தனி ஃபங்ஷன் குடுத்திருக்காங்க. உள்ளுக்குள்ள லிஸ்ட் போட்டா பழைய வெர்ஷன்ல எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கும், கிளாஸ் மட்டும் உள்தள்ளும். பத்து வருஷம் கழிச்சும் படிக்க வேண்டிய கட்டுரைக்கு எனக்கு இது ஒத்து வரல. ரூபி ஆன் ரயில்ஸ்ல சைட் கட்டறவங்களுக்கு டிரிக்ஸ்ங்கற எடிட்டர் கூடவே வருது, ஆனா டேபிள் கிடையாது, தலைப்பு ஒரே அளவு.

லைசென்ஸ்ல எல்லாரும் கொஞ்சம் நின்னு பாருங்க. சிகேஎடிட்டர் 5 ஜிபிஎல், இல்லன்னா காசு லைசென்ஸ். 2024 கடைசில வந்த 44-ஆவது வெர்ஷன்ல இருந்து கான்ஃபிக்ல லைசென்ஸ் கீ கட்டாயம், ஓப்பன் சோர்ஸா ஓட்டறவங்க அந்த இடத்துல ஜிபிஎல்னு எழுதணும், மூலைல அவங்க லோகோ தெரியும், அது பரவால்ல. டைனி 6-ல எம்ஐடி (சோர்ஸ் குடுக்கணும்னு கட்டாயம் இல்லாத லைசென்ஸ்) ஆச்சு, 2024-ல 7-ல ஜிபிஎல் ஆயிடுச்சு, அதுலயும் கீ எழுதணும். ரெண்டு கம்பெனியும் இப்ப ஒரே தாய் நிறுவனத்துக்கு கீழ, டியூகோ டெக்னாலஜீஸ், அதனால போட்டி போட்டு விலை குறைப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. நீங்க சோர்ஸ் குடுக்காம சிஎம்எஸ்ஸை ப்ராடக்ட்டா விக்கறவர்னா ஜிபிஎல் உங்களுக்கு ஒத்து வராது, காசு லைசென்ஸ் வாங்குங்க இல்ல எம்ஐடி பக்கம் போங்க, டிப்டாப் இருக்கு, டைனி 6-ல இருந்து பிரிச்சு எடுத்த ஹியூஜ்ஆர்டிஇ இருக்கு. டைனியோட கிளவுடு இலவச பிளான் மாசம் 1000 தடவை எடிட்டர் திறக்கறதுக்குத்தான், நாலு பேர் உக்காந்து எடிட் பண்ற ஆபீஸ்ல ஒரே ஃபார்ம்ல ரெண்டு மூணு பாக்ஸ் இருந்தா மாசம் பாதிலயே தீரும், அதனால சொந்த சர்வர்லயே ஏத்திக்கோங்க.

எந்த எடிட்டரா இருந்தாலும் சர்வர்ல திரும்ப ஒரு தடவை வடிகட்டாம விடாதீங்க. எடிட்டர் பிரவுசர்ல ஓடறது, கெட்ட எண்ணம் உள்ளவன் அதை தாண்டி நேரா ஃபார்மை போஸ்ட் பண்ணுவான். பைத்தான்ல இப்படி வடிகட்டற பழைய பேக்கேஜ் பிளீச் 2023-லயே ஓய்வு வாங்கிடுச்சு, இப்ப என்எச்3, பிஎச்பின்னா எச்டிஎம்எல் ப்யூரிஃபையர். அந்த அனுமதி லிஸ்ட்ல ஃபிகர், ஃபிக்கேப்ஷன் டேக், ஃபிகருக்கு கிளாஸ், படத்தோட அகல ஸ்டைல் எல்லாம் சேர்த்திருக்கணும். சிகேஎடிட்டர் 5 படத்தையும் டேபிளையும் ஃபிகருக்குள்ளதான் போடும், கிளாஸ் போச்சுன்னா இடது வலது ஒதுங்கின படம் எல்லாம் நடுவுல வந்து நிக்கும், நீங்க எடிட்டரை திட்டிட்டு இருப்பீங்க.

4-ல இருந்து மாறப் போறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. லைவ் சைட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி டேட்டாபேஸ் காப்பி எடுத்து, பழைய கட்டுரை எல்லாத்துலயும் என்னென்ன டேக், என்னென்ன கிளாஸ் எத்தனை தடவை வருதுன்னு ஒரு ஸ்கிரிப்ட் விட்டு எண்ணுங்க. அந்த லிஸ்ட்ல நிஜமா வேண்டியதை மட்டும் ஜெனரல் எச்டிஎம்எல் சப்போர்ட்ல சேருங்க. அப்புறம் ஒவ்வொரு கட்டுரையா எடிட்டருக்குள்ள செட் பண்ணி உடனே டேட்டாவை திரும்ப வாங்கி, முன்ன இருந்ததுக்கும் இப்ப வந்ததுக்கும் வித்தியாசம் பாருங்க, எச்டிஎம்எல் எப்படியும் கொஞ்சம் மாறும் அதனால வார்த்தை, படம், லிங்க், ஐஃப்ரேம் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டா போதும். எண்ணிக்கை குறையற கட்டுரைகளை தனியா ஒதுக்கி வச்சு, அதுக்கு மட்டும் பழைய எச்டிஎம்எல்லை வெறும் டெக்ஸ்ட் பாக்ஸ்ல காட்டற மாதிரி சிஎம்எஸ்ல ஒரு டிக் வச்சுடுங்க, நேரம் கிடைக்கும்போது ஒண்ணொண்ணா சரி பண்ணிக்கலாம்.